சீனிய தனியா குடுங்க ஆச்சி

என்னோட ஃபீல்டு நோட்டுல ஒரு பக்கம் இருக்கு, அதுல எழுத்தே கெடையாது, வெறும் கோடுதான். காலைல ஒம்போதரைக்கு ஒண்ணு, பத்தே காலுக்கு ஒண்ணு, பதினோரு மணிக்கு ஒண்ணு, இப்படியே போகும். பள்ளத்தூர்லேருந்து காரைக்குடி பஸ்ல திரும்பி வர்றப்ப சும்மா எண்ணிப் பாத்தேன், ஆறு கோடு. ஆறு காபி. எல்லாமே சீனி போட்ட பால் காபி, எல்லாமே சுகர் இருக்குறவுக வீட்ல குடிச்சது, நான் அங்க போனதே "சர்க்கரை நோய் உள்ளவங்க சாப்பாட்ட சுத்தி இருக்குறவங்க எப்படி மாத்துறாங்க"ன்னு கேக்கத்தான். ஒரு காபிக்கு ரெண்டு ஸ்பூன்னு வச்சா எட்டு ஒம்போது கிராம் வரும், ஆறுக்கு 50 கிராம். ஒரு நாளைக்கு சாப்பிடுற மொத்த கலோரில சீனி 10 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2015-ல சொல்லிருக்கு, 2000 கலோரி சாப்பிடுற ஆளுக்கு அந்தக் கணக்கு சரியா 50 கிராம், முடிஞ்சா அதுலயும் பாதியாக் கொறைக்கச் சொல்றாங்க. நான் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடியே கோட்டாவ முடிச்சிட்டேன். யாரும் என் வாயில ஊத்தல. நானாத்தான் குடிச்சேன். ஏன் குடிச்சேன்ங்கறதுதான் என் டெசர்டேஷனே, அதாவது என் படிப்புக்கான ஆய்வேடே, ஆனா அது எனக்கு அப்பப் புரியல.

எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) ரெண்டாவது வருஷம், டாபிக் குடுக்கச் சொன்னப்ப எல்லாரும் செல்போன் அடிக்ஷன், ஆன்லைன் கேம்னு எடுத்தாங்க. நான் சுகர எடுத்ததுக்கு எங்கம்மாதான் காரணம். எங்க ஊரு புதுவயல் பக்கம், அப்பாவுக்கு அரிசி மில்லுல வேலை, அம்மாவுக்கு ஏழெட்டு வருஷமா சுகர். ஒரு தடவ அம்மா கூட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன், டாக்டர் ரிப்போர்ட்டப் பாத்துட்டு "வாயக் கட்டுங்கம்மான்னு எத்தன தடவ சொல்றது"ன்னு சத்தம் போட்டாரு, வரிசையில நின்ன எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அம்மா வெளிய வந்து ஒண்ணுமே பேசல, பஸ்ல ஏறுனதுக்கப்பறம் மெதுவா "என் வாய் என்கிட்டயா இருக்கு"ன்னாங்க. அத நான் பெருசா எடுத்துக்கல. எடுத்திருந்தா மூணு மாசம் மிச்சம் ஆயிருக்கும்.

இந்தியாவுல சுகர் எவ்வளவுன்னு தெரியாதவுகளுக்கு ஒரு வரி: ஐ.சி.எம்.ஆர்ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட இண்டியாப் ஆய்வு 2023-ல வந்துச்சு, பெரியவங்கள்ல 11.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய், இன்னும் 15.3 சதவீதம் பேரு அதுக்கு முந்துன படியில நிக்கிறாங்க. மொத அத்தியாயத்துக்கு இது போதும், எல்லாரும் இதையேதான் போடுவாங்க, நானும் போட்டேன்.

அடுத்து கொஸ்டினேர். இங்கதான் மொத அடி. ஒரு வெளிநாட்டு ஸ்டடில இருந்த கேள்விகள எடுத்து அப்படியே தமிழாக்கி 34 கேள்வி அடிச்சு வச்சுக்கிட்டேன். "ஆரோக்கியமற்ற உணவை உண்ணும்படி உங்கள் நண்பர்கள் உங்களை வற்புறுத்துகிறார்களா? எப்போதும், அடிக்கடி, சில நேரம், அரிதாக, ஒருபோதும் இல்லை." இதத் தூக்கிக்கிட்டு கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்குப் போனேன். ஆச்சிக்கு எழுவது வயசுக்கு மேல இருக்கும், கண்ணாடியப் போட்டுக்கிட்டு கேள்வியக் கேட்டுட்டு என்னையவே பாத்தாக. "நண்பர்களா? எனக்கேதுத்தா நண்பர்க. கூடப் பொறந்தவுக இருக்காக, பங்காளிவீட்டு ஆளுக இருக்காக, சம்மந்தபுரம் இருக்கு. நண்பர்கன்னு யாரச் சொல்றது?" நான் சமாளிச்சு, "அவுகதான் ஆச்சி, அவுக யாராச்சும் இனிப்பு சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவாகளா"ன்னேன். ஆச்சிக்கு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. "எங்க ஆளுக யாரும் அப்படியெல்லாம் வற்புறுத்த மாட்டாக. நல்லா கவனிப்பாக."

ஒருபோதும் இல்லைன்னு டிக் போட்டேன். பைலட்டுக்கு, அதாவது மொதல்ல சோதிச்சுப் பாக்க, எடுத்த பத்து பேரும் அதே டிக்தான். எக்ஸெல்ல போட்டுப் பாத்தா செட்டிநாட்டுல யாரையும் யாரும் எதுக்கும் வற்புறுத்துறதே கெடையாது, உலகத்துலயே இங்கதான் எல்லாரும் அவுக அவுக இஷ்டத்துக்குச் சாப்பிடுறாக. கைடு மேடம் பேப்பரப் பாத்துட்டு சிரிச்சாங்க. "உன் கேள்விக்கு அவங்க பொய் சொல்லலமா, உன் வார்த்தை அவங்க வீட்லயே இல்ல."

அது அப்படியே மண்டையில ஏறுச்சு. வற்புறுத்தல்ங்கறது வட்டிக் கடக்காரன் பண்றது, எலெக்ஷன்ல பண்றது. சாப்பாட்டு விசயத்துல நம்ம ஆளுக கிட்ட இருக்குற வார்த்தை கவனிக்கிறது, உபசாரம், மரியாத. சம்மந்தபுரத்துல, அதாவது பொண்ணு குடுத்த எடுத்த வீட்ல, போய் சரியா சாப்பிடாம எந்திரிச்சா "கவனிப்பு சரியில்ல போல"ன்னு பேச்சு வரும், அது சமைச்சவுக மேல வர்ற குத்தம் இல்ல, வீட்டு மேல வர்ற குத்தம். அந்தக் கேள்விய தூக்கிப் போட்டுட்டு இப்படி மாத்துனேன்: கடைசியா நீங்க போன விசேஷம் எது, யாரு பக்கத்துல உக்காந்தாக, இலையில என்ன இனிப்பு வச்சாக, கேட்டு வச்சாகளா கேக்காம வச்சாகளா, நீங்க என்ன பண்ணுனீக. அவ்வளவுதான். பொதுவா, வழக்கமா, அடிக்கடின்னு கேட்டா நம்ம ஆளுக நல்ல பேரு வர்ற பதிலத்தான் சொல்லுவாக, போன வெள்ளிக்கெழம என்ன நடந்துச்சுன்னு கேட்டா கதையே சொல்லிருவாக. ஜூனியர் யாராச்சும் இதப் படிச்சா இந்த ஒண்ண மட்டும் எடுத்துக்கிட்டா போதும், மத்ததெல்லாம் போகப் போக அடிபட்டு வந்துரும்.

ரெண்டாவது அடி, யாரு முன்னாடி கேக்குறோம்ங்கறது. பழைய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளப் பாத்தவுகளுக்குத் தெரியும், முகப்புல நுழைஞ்சா பட்டாலை, அதத் தாண்டி வளவு (நடு முத்தம்), அப்பறம் ரெண்டாங்கட்டு, அதுக்கும் பின்னாடி அடுப்படி. வீடு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும். ஒரு வீட்ல முகப்புலயே ஐயா உக்காந்திருந்தாக, நல்ல மனுசன், ரங்கூன்ல அவுக அப்பச்சி வச்சிருந்த கடையப் பத்தி அரை மணி நேரம் சொன்னாக. இனிப்பு பத்திக் கேட்டா "தொட்டு நாலு வருஷம் ஆச்சு, மனக்கட்டுப்பாடு வேணும்"னு எனக்கு அட்வைஸ். நான் எழுதிக்கிட்டேன். கெளம்பறப்ப தண்ணி குடிக்க ரெண்டாங்கட்டுக்குப் போனேன், மருமக அக்கா சொம்ப நீட்டிக்கிட்டே மெதுவா "மாமா சட்டப் பையத் தொட்டுப் பாருங்க, எப்பவும் கடல மிட்டாய் இருக்கும், பேத்திக்குன்னு வாங்குறது, பாதி பேத்திக்கு"ன்னு சிரிச்சாக.

அன்னைலேருந்து நான் ஒரு கணக்கு வச்சுக்கிட்டேன்: முகப்புல வர்றது கொள்கை, வளவுல வர்றது குடும்பத்தோட பதில், உண்மை ரெண்டாங்கட்டுல கெடைக்கும். மெத்தடாலஜி சாப்டர்ல இத இப்படி எழுத விடல, "நேர்காணல் நடந்த இடத்தைப் பொறுத்து பதில்கள் மாறுபட்டன"ன்னு எழுத வச்சாங்க. நம்மளப் பாத்து நல்ல பேரு எடுக்கணும்னு சொல்ற பதில அளக்குறதுக்குன்னே 1960-லயே க்ரௌனும் மார்லோவும் ஒரு ஸ்கேல் பண்ணி வச்சிருக்காங்க. எனக்கு ஸ்கேல விட அந்த சொம்புத் தண்ணிதான் உபயோகமா இருந்துச்சு. ஆனா ஒரு எச்சரிக்கை, மருமக சொன்னத மாமனார் பேப்பர்ல சேத்து எழுதக் கூடாது, அவரு ஒத்துக்கிட்டது அவரு சொல்றதச் சொல்ல மட்டும்தான். நான் சேத்துட்டேன், அப்பறம் அடிச்சேன்.

இதுல பெரிய கூத்து பந்திலதான். ஃப்ரெண்டு ஒருத்தி வீட்ல அவ தாத்தாவுக்கு சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்), என்னையும் கூப்பிட்டிருந்தா. நான் தண்ணி ஊத்துறேன்னு ஜக்க வாங்கிக்கிட்டு நின்னேன், உண்மையச் சொன்னா வேவு பாக்கத்தான் நின்னேன். ஆளுக உக்காரறதுக்கு முன்னாடியே இலை போட்டு, உப்பு வச்சு, இனிப்பு வச்சாச்சு. அன்னைக்கு கந்தரப்பமும் பால் பணியாரமும். பாருங்க, உக்காரும்போதே அது அங்க இருக்கு. வேணுமான்னு கேக்குற கட்டமே கெடையாது, வேணாம்னா நீங்கதான் வாயத் தொறந்து சொல்லணும், இல்லாட்டி இலையிலயே ஒதுக்கணும், ஒதுக்குனா பக்கத்து இலைக்குத் தெரியும்.

எனக்கு முன்ன பேட்டி குடுத்த ஆச்சி ஒருத்தவுக மூணாவது இலையில இருந்தாக. மாத்திர போட்டுக்கிட்டு வந்து உக்காந்தாக, அதையும் பாத்தேன். கந்தரப்பத்த மெல்ல இலை ஓரத்துக்குத் தள்ளுனாக, காய்க்குப் பின்னாடி. பரிமாறுற பையன் வந்தான், வேலைல கெட்டிக்காரன், "என்ன ஆச்சி தள்ளி வச்சிருக்கீக, நல்லால்லயா?"ன்னான். அம்புட்டுதான். வலது பக்கம் இருந்தவுக திரும்பிப் பாத்தாக, இடது பக்கம் இருந்த சம்மந்தியம்மா "நல்ல நாளும் அதுவுமா ஒரு வாய் வைங்க, ஒரு நாள்ல என்ன ஆயிரும்"னாக. ஆச்சி சிரிச்சுக்கிட்டே எடுத்துத் தின்னாக. முழுசா. அவுகளுக்குப் புடிக்காம தின்னாகன்னு நான் சொல்ல மாட்டேன், கந்தரப்பம் யாருக்குத்தான் புடிக்காது, ஆனா தின்ன முடிவ எடுத்தது யாருன்னு கேட்டா எனக்கு பதில் தெரியல. அந்தப் பையனா, சம்மந்தியா, இலை போடும்போதே வச்ச சமையக்காரரா.

முந்துன நாள் ராத்திரிதான் ஹாஸ்டல்ல ஆஷ் பண்ணுன சோதனையப் படிச்சிருந்தேன். 1950-கள்ல சாலமன் ஆஷ்னு ஒருத்தரு, கோடு போட்ட அட்டையக் காட்டி எது சமமான நீளம்னு கேப்பாரு, சின்னப் புள்ளகூட சொல்லிரும், ஆனா அறையில இருக்குற மத்தவங்க எல்லாம் அவரோட ஆளுங்க, எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி தப்பச் சொல்லுவாங்க. அந்த மாதிரி சுத்துல சொன்ன பதில்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒண்ணு கூட்டத்தோட சேந்து தப்பாப் போச்சு. கோட்டுக்கே இந்தக் கதின்னா கந்தரப்பத்துக்கு என்ன ஆகும். ஆனா அந்த சோதனையில எனக்குப் புடிச்ச எடம் வேற. கூட்டத்துல ஒரே ஒருத்தன் சரியான பதிலச் சொல்லிட்டா போதும், கூட்டத்தோட போறது சடார்னு கொறைஞ்சிருது. ஒரு ஆளு. இத பரிட்சைக்குப் படிச்ச மாதிரி படிச்சு வச்சுக்கிட்டேன், பின்னாடி வேலைக்கு வந்துச்சு.

பந்தி முடிஞ்சதும் எனக்கு ஒரு புத்தி வந்துச்சு, அத நான் அன்னைக்கு பெரிய புத்தின்னு நெனச்சேன். இலை எடுக்குறதுக்குள்ள ஒரு வரிசைய நடந்து எண்ணுனேன், எத்தன இலையில இனிப்பு மிச்சம் இருக்குன்னு. ரெண்டே ரெண்டு. வாயால கேட்டா பொய் வரும், எச்சில் இலை பொய் சொல்லாதுன்னு ஒரு தனி சாப்டரே எழுதி, டேபிள் போட்டு, பெருமையா நீட்டுனேன். மேடம் மூணு நிமிஷத்துல சிவப்புக் கோடு போட்டாங்க. யாருகிட்ட ஒப்புதல் வாங்குன? எந்த இலை சுகர் உள்ளவங்க இலைன்னு உனக்கு எப்படித் தெரியும்? தண்ணி ஊத்த வந்த பொண்ணுன்னு நம்பித்தானே உன்ன உள்ள விட்டாங்க? ஐ.சி.எம்.ஆரோட 2017 நெறிமுறை புத்தகத்த மேசையில வச்சாங்க, ஒப்புதல் சாப்டரப் படிச்சிட்டு வான்னாங்க. ரெண்டு நாள் கோவத்துல பேசல நான். இப்ப யோசிச்சா அந்த வீட்ல யாராச்சும் என் டேபிளப் பாத்திருந்தா, நம்ம வீட்டு நல்ல காரியத்துல ஒருத்தி எச்சி இலைய எண்ணிருக்கான்னு எவ்வளவு நொந்திருப்பாகன்னு தோணுது. அந்த பதினெட்டு பக்கமும் போச்சு. நீங்க படிக்கிற இந்த ரெண்டு வரிதான் மிச்சம், இதுலயும் ஊரச் சொல்லல.

சரி, காபிக்கு வர்றேன்.

ஆறு கோடு போட்ட அன்னைக்கு ராத்திரி வயிறு ஒரு மாதிரி இருந்துச்சு, அம்மாவுக்கு போன் பண்ணி சொன்னேன். அம்மா சிரிச்சுட்டு "வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே"ன்னாங்க. "எப்படிம்மா சொல்றது, கேள்வி கேக்கப் போன எடத்துல, அவுக ஆசையா கொண்டாந்து குடுக்கும்போது"ன்னு சொல்லிக்கிட்டே வந்தவ பாதில நிறுத்திட்டேன். அந்தப் பக்கம் அம்மாவும் ஒண்ணும் சொல்லல. ஆஸ்பத்திரிலேருந்து வர்றப்ப பஸ்ல அம்மா சொன்னது அப்பத்தான் எனக்குக் கேட்டுச்சு.

மறுநாள்லேருந்து ஒரு சின்ன வேல பண்ணுனேன். வீட்டுக்குள்ள போன ஒடனே, காபி கலக்குறதுக்கு முன்னாடியே, "ஆச்சி எனக்கு சீனிய தனியா குடுங்க, நான் போட்டுக்கறேன்"னு சொல்லிருவேன். வேணாம்னு சொல்லல, கவனிங்க. காபிய வேணாம்னா மரியாதக் கொறைவு, சீனியே வேணாம்னா "சின்னப் புள்ளைக்கு என்ன, இப்பவே சுகரா"ன்னு விசாரணை. தனியா குடுங்கன்னா யாருக்கும் வலிக்கல. கிண்ணத்துல சீனி வரும், நான் கால் ஸ்பூன் போட்டுக்குவேன். மொத வீட்லயே நடந்தது என்னன்னா, ஆச்சி அடுப்படிப் பக்கம் திரும்பி "ஏய், எனக்கும் அப்படியே கொண்டா, தனியா"ன்னாக. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சிருச்சு. அந்த ஆச்சிக்கு வீட்ல அதிகாரம் இல்லாமயா, அவுக சொன்னா அந்த வீடே எந்திரிச்சு நிக்கும். ஆனா விருந்தாளிக்கு சீனி போட்டுக் குடுத்துட்டு தான் மட்டும் போடாமக் குடிக்க அவுகளுக்கு மனசு வரல, அது விருந்தாளியக் குத்திக் காட்டுற மாதிரி இருக்குமாம். இத அவுகளே சொன்னாக. அதாவது இம்புட்டு நாளும் நான் அவுகளுக்காகக் குடிச்சேன், அவுக எனக்காகக் குடிச்சாக.

ஆஷோட அந்த ஒரு ஆளு இதுதான்னு பஸ்ல எழுதி வச்சேன். எல்லா வீட்லயும் இப்படி நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். சில வீட்ல கிண்ணம் வந்துச்சு, ஆச்சி மூணு ஸ்பூன் போட்டுக்கிட்டாக.

இன்னொண்ணு, காபில சீனி போடுற கை யாரோடது. பெரும்பாலான வீட்ல ஆச்சியோட கை இல்ல, வேலைக்கு வர்ற அக்காவோட கை. நான் பாத்த அக்கா ஒருத்தவுகளுக்கே சுகர், தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே மாத்திர வருது. அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சதுலேருந்து மாத்திரைக்கு அலையற வேல போச்சு, அது உண்மையிலேயே பெரிய விசயம். ஆனா விசேஷம் முடிஞ்சா மிஞ்சுன பலகாரம் எங்க போகுது? பெரிய வீட்ல "எங்களுக்கு ஆகாது, நீ எடுத்துக்கிட்டுப் போ"ன்னு தூக்கு நெறைய குடுத்து விடுவாக. நல்ல மனசுலதான் குடுக்குறாக. ஆகாதுன்னு மேலேருந்து எறங்குன அதிரசம், அதே ஆகாத ஒடம்பு இருக்குற இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேருது, அங்க வேணாம்னு சொல்ற வசதி இன்னும் கொறைவு, ஏன்னா சம்பளம் குடுக்குற கை குடுத்தது. சாப்பாட்டுப் பழக்கம் ஒருத்தருக்கு ஒருத்தர்னு பக்கவாட்டுல பரவுறதப் பத்தி நெறையப் படிச்சேன், இப்படி மேலேருந்து கீழ எறங்குறதப் பத்தி நான் படிச்ச பேப்பர்கள்ல ஒண்ணும் அகப்படல, என் கண்ணுல படலையோ என்னவோ.

பக்கவாட்டுப் பரவல்னதும் ஃப்ராமிங்ஹாம் பத்திச் சொல்லியாகணும், வைவால (வாய்மொழித் தேர்வுல) அதுலதான் மாட்டுனேன். அமெரிக்காவுல ஒரு ஊரு, 1948-லேருந்து அங்க இருக்குற ஆளுகளோட இதயத்த தொடர்ந்து பாத்துக்கிட்டு வர்றாங்க. அந்தப் பதிவுகள வச்சு கிறிஸ்டாகிஸும் ஃபவுலரும் 2007-ல எழுதுனாங்க: 12,067 பேரு, 1971-லேருந்து 2003 வரைக்கும், ஒருத்தரோட ஃப்ரெண்டு குண்டானா இவரும் குண்டாகுற வாய்ப்பு 57 சதவீதம் கூடுது. அடுத்த வருஷமே சிகரெட்டப் பத்தி எழுதுனாங்க, புருஷன் பொஞ்சாதில ஒருத்தர் விட்டா இன்னொருத்தர் பிடிக்கிற வாய்ப்பு 67 சதவீதம் கொறையுது, ஆளுக தனித்தனியா விடல, கூட்டம் கூட்டமா விடுறாங்கன்னு.

சிகரெட் விசயத்த நான் நம்புனேன், ஏன்னா கண்ணால பாத்தேன். ஆத்தங்குடில தரைக்குப் போடுற பூக்கல்லு (டைல்ஸ்) பட்டறையில வேல பாக்குற அண்ணன் ஒருத்தரு, கண்ணாடி மேல அச்ச வச்சு கலர் ஊத்துறவரு, கை அவ்வளவு நிதானம். இருவது வருஷப் பீடி. காலைல பத்தரைக்கு டீ, டீயோட பீடி, கேக்கவே வேணாம், பக்கத்து கை தானா நீளும். அவரு விட்டது எப்படின்னு கேட்டேன். "டீக்கடைய மாத்துனேன்மா." பட்டறைக்கு எதிர்ல இருக்குற கடைய விட்டுட்டு தள்ளி இருக்குற கடைக்கு நடந்து போயிருக்காரு, போக வர பத்து நிமிஷம். "விட்டுட்டேன்னு யாருகிட்டயும் சொல்லல, சொன்னா ஓட்டியே மறுபடி பிடிக்க வச்சிருவானுக. பல்லு வலி, டாக்டரு வேணாம்னாருன்னு சொன்னேன்." டாக்டர் பேரச் சொன்னா கிண்டல் இல்லையாம், தானா விட்டேன்னாதான் கிண்டலாம். ரெண்டு மாசம் கழிச்சு கூட வேல பாக்குற இன்னொருத்தரு, பீடிய விடணும்னு இல்ல, பேச்சுத் தொணைக்கு, இவரு கூட அந்தக் கடைக்கு வர ஆரம்பிச்சாரு. வந்தவருக்கும் பீடி கொறைஞ்சு போச்சு. மன உறுதி, லட்சியம் ஒண்ணும் அவரு பேச்சுல வரல. பத்து நிமிஷ நடையும் ஒரு பொய்யான பல்லு வலியும்.

வைவால வெளிலேருந்து வந்த எக்ஸாமினர் இத எல்லாம் பொறுமையாக் கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டாரு. "பங்காளிக எல்லாருக்கும் சுகர் கூடியிருக்குன்னா, ஒருத்தரப் பாத்து ஒருத்தர் சாப்பிட்டு வந்ததா, ஒரே மாதிரி ஆளுங்க ஒண்ணா சேந்ததா, இல்ல எல்லா வீட்டு விசேஷத்துக்கும் ஒரே சமையக்காரர் வர்றதாலயா?" நான் முழிச்சேன். அவரே சொன்னாரு, ஃப்ராமிங்ஹாம் முடிவு வந்த மறு வருஷமே கோஹன்-கோலும் ஃபிளெட்சரும் அதே மாதிரி கணக்கப் போட்டு முகப்பரு, தலைவலி, ஒயரம் எல்லாம்கூட ஃப்ரெண்டுகிட்டேருந்து ஒட்டிக்கிற மாதிரி காட்டுனாங்க. ஒயரம் எப்படி ஒட்டும்? அப்ப கணக்குல ஏதோ ஒட்டுது, ஆளுகிட்ட இல்ல. தாக்கம்னு சொல்றதுக்கு முன்னாடி இந்த மூணையும் பிரிக்கணும், ஒரு தடவ போய்க் கேட்டுட்டு வந்த டேட்டாவுல அது முடியாது. முடிவுரையில "தாக்கம் ஏற்படுத்துகிறது"ன்னு நான் எழுதுன எல்லா எடத்துலயும் "தொடர்பு காணப்படுகிறது"ன்னு மாத்தச் சொன்னாரு. ஒரு ராத்திரி முழுக்க மாத்துனேன். அந்த சமையக்காரர் கேள்வி மட்டும் எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு, திரும்பப் பண்ணுனா ஆச்சிககிட்ட போக மாட்டேன், நேரா சமையல் செட்டுக்குத்தான் போவேன். உக்காரறதுக்கு முன்னாடி இனிப்ப வைக்காம, கேட்டு வச்சா என்ன ஆகும்னு அவருகிட்ட சும்மா பேசிப் பாத்தேன் ஒரு தடவ. "இலை மொட்டையா இருந்தா எம்பேரு கெட்டுரும் பாப்பா"ன்னுட்டாரு.

போற போக்குல மத்த சிலதயும் சொல்லிர்றேன். வீட்டு நம்பர் லிஸ்ட்ட வச்சு சாம்பிள் எடுக்கலாம்னு போகாதீங்க, பாதிப் பெரிய வீடு பூட்டிக் கெடக்கும், ஆளுக சென்னையிலயும் சிங்கப்பூர்லயும் இருப்பாக, படைப்புக்கும் (முன்னோருக்குப் படைக்கிற சாமி கும்பிடு) கல்யாணத்துக்கும்தான் தொறப்பாக. ஒப்புதல் படிவத்த படிச்சுக் காட்டாம பேச்சுத் தமிழ்ல சொல்லுங்க, "கையெழுத்து"ன்ன ஒடனே சொத்து விவகாரமோன்னு பயப்படுறாக, எங்கிட்ட ஒருத்தவுக மகனுக்கு போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் போட்டாக. ரெக்கார்டர வச்சா பேச்சு மேடைத் தமிழாயிருது. பதினோரு மணிக்கு மேல அடுப்படி நேரம், மூணுக்கு மேல போங்க. "பரவால்ல"ங்கற பதில அப்படியே நோட்டுல எழுதுங்க, அதுக்கு சரின்னும் அர்த்தம், வேணாம்னும் அர்த்தம், விட்ருன்னும் அர்த்தம், பதில்கள வகை பிரிச்சு கோட் போடறப்ப அந்த வித்தியாசம் மொத்தமா போயிரும். அப்பறம் கவுனி அரிசி. கருப்பரிசி சுகருக்கு நல்லதுன்னு எங்க போனாலும் சொல்லுவாக, சொல்லிட்டு சீனியும் தேங்காயும் நெய்யும் போட்டுக் கிண்டி ஒரு கிண்ணம் குடுப்பாக. அரிசியப் பத்தி நான் வாதாடப் போகல, நல்லா இருந்துச்சு.

ஒரே ஒரு எடத்துல மட்டும் நான் கேள்வியே கேக்கல. பிள்ளையார் நோன்புக்கு, கார்த்திகை தீபம் முடிஞ்சு இருவத்தொண்ணாவது நாள், ஃப்ரெண்டு வீட்ல இழை எடுத்துக்கிட்டாக. புதுத் துணிலேருந்து 21 நூல் எடுத்து திரிச்சு, மாவும் வெல்லமும் நெய்யும் சேத்த உருண்டைல வச்சு ஏத்தி, வீட்டுப் பெரியவுக எடுத்துக் குடுக்க, எரியிற சுடரோட அப்படியே வாயில போட்டுக்கறது. சுகர் உள்ளவுக, இல்லாதவுக, பேரன் பேத்தி எல்லாரும் வரிசையில நின்னாக. அவ ஐயா எரியிற உருண்டைய எம்பக்கமும் நீட்டுனாக. இத எந்தக் கட்டத்துல டிக் போடறதுன்னு அன்னைக்கு நான் நெனச்சுக்கூடப் பாக்கல. வாயத் தொறந்தேன்.

டெசர்டேஷன் பைண்ட் பண்ணி ஒரு காப்பிய தனி கிண்ணம் கேட்ட ஆச்சிகிட்ட காட்டலாம்னு போன மாசம் எடுத்துக்கிட்டுப் போனேன். பொரட்டிப் பொரட்டிப் பாத்தாக. "இதுல எம்பேரு எங்க?" இல்ல ஆச்சி, பேரு போடக் கூடாது, நம்பர்தான், நீங்க 17-ஆம் நம்பர்னேன். "பதினேழா? எனக்கு முன்னாடி பதினாறு பேரப் பாத்துட்டா எங்கிட்ட வந்தே?" உண்மையிலேயே வருத்தம். சமாதானம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள உள்ளேருந்து காபி வந்துருச்சு, ரெண்டு டம்ளரு, கிண்ணத்தக் காணோம். நான் நிமிந்து பாத்தேன். "பாஸாயிட்டியாம்ல, இன்னைக்கு மட்டும்"னாக. ஒரு வாய் குடிச்சேன், பல்லு கூசுற இனிப்பு. ஆச்சியும் அவுக டம்ளர எடுத்து ஆத்திக்கிட்டே பதினெட்டாவது யாருன்னு கேட்டாக.